பாலிக்ரோமோஸா, பிரிஸ்மாகலரா, லூமினன்ஸா? முகம் வரைபவர்களுக்கு ஓர் அலசல்

கலர் பென்சிலில் போர்ட்ரெய்ட் வரைபவர்களிடம் எது நல்ல பென்சில் என்று கேட்டால் மூன்று பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும்: ஜெர்மனியின் ஃபேபர்-காஸ்டெல் பாலிக்ரோமோஸ், அமெரிக்காவில் பிறந்த பிரிஸ்மாகலர் பிரீமியர், சுவிட்சர்லாந்தின் காரன் டாஷ் லூமினன்ஸ். பாலிக்ரோமோஸ் 1908லிருந்து இருக்கிறது, பிரிஸ்மாகலர் 1938லிருந்து. லூமினன்ஸ் இந்த நூற்றாண்டில் வந்த இளையவர். மூன்றுமே ஆர்ட்டிஸ்ட் கிரேடு, அதாவது ஓவியர்களுக்கான உயர் தரம் என்றாலும் பேப்பரில் வைத்துத் தேய்த்ததும் குணம் வேறு வேறு என்று தெரிந்துவிடும். என் கட்சி பாலிக்ரோமோஸ். அது சறுக்கும் இடங்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

குணம் மாறுவதற்குக் காரணம், நிறமியைப் பிடித்து வைத்திருக்கும் பொருள். பிரிஸ்மாகலரில் மெழுகு தூக்கல். அதனால் லெட் வெண்ணெய் மாதிரி இறங்கும்; லேசாக அழுத்தினாலே நிறம் கெட்டியாக உட்காரும். பாலிக்ரோமோஸை எண்ணெய் பென்சில் என்பார்கள். அதிலும் கொஞ்சம் மெழுகு இருக்கிறது, ஆனால் லெட் கெட்டி, சீவினால் கூர் நிற்கும். லூமினன்ஸும் மெழுகு வகைதான். மென்மையானது, ஆனால் பிரிஸ்மாகலரின் வழவழப்பு இல்லை. கொஞ்சம் உலர்ந்த, பொடித்தன்மையான தொடுகை.

இது முகம் வரையும்போது எப்படி விளையாடுகிறது என்று பார்ப்போம். நம் ஊர் மாநிறக் கன்னம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். செட்டில் தோல் நிறம் என்று வரும் வெளிர் பீச் இதற்கு உதவவே உதவாது. பாலிக்ரோமோஸில் நான் போகும் வரிசை இது (அடைப்புக்குள் இருப்பது பென்சிலின் நிற எண்): முதலில் ஐவரி (103) மெல்லிய பூச்சு, அதன்மேல் பர்ன்ட் ஆக்கர் (187), பிறகு பர்ன்ட் சியன்னா (283), நிழல் விழும் தாடையோரம் வால்நட் பிரவுன் (177). கடைசியில் ஆழமான நிழலுக்குக் கறுப்பைத் தொடாமல் டார்க் இண்டிகோவை (157) இறகு தடவுவது போலத் தடவுவேன். கறுப்பு வைத்தால் தோல் சாம்பல் பூத்ததுபோல் செத்துவிடும். நீலம் வைத்தால் அந்தப் பழுப்புக்கு உயிர் வரும். இந்த வரிசையை இரண்டு மூன்று முறை திரும்பப் போட வேண்டும். அத்தனை அடுக்கையும் தாங்குவதுதான் பாலிக்ரோமோஸின் பெரிய பலம்.

அதே கன்னத்தை பிரிஸ்மாகலரில் போட்டால் நேரம் பாதியாகக் குறையும். ஆனால் கொஞ்சம் அழுத்திவிட்டால் நாலாவது அடுக்குக்குள் பேப்பரின் சொரசொரப்பு மெழுகால் அடைபட்டுப்போகும். அதற்கு மேல் என்ன தடவினாலும் வழுக்கும். நிறத்தைத் திருத்த இடம் இருக்காது. பிசையும் ரப்பரால் ஒற்றி எடுப்பதும் கஷ்டம். அடர் நிறத்தை அழுத்திப் பூசிய இடத்தில் சில நாள் கழித்து வெள்ளையாக ஒரு படலம் எழும்பும். மெழுகு மேலே வருவதுதான் அது. மெல்லிய துணியால் துடைத்து, படத்தைக் காக்கும் ஸ்ப்ரேயான ஃபிக்ஸேட்டிவ் அடித்தால் அடங்கும். இமை முடி, நெற்றியோரப் பூனை முடி, ஜரிகை இழை இவற்றுக்கெல்லாம் இந்த மென்மையான லெட் ஒத்துவராது. கூர் சீக்கிரம் மழுங்கும், அழுத்தினால் முறியும். ஆனால் பட்டுப் புடவையின் பரப்பு, படத்தின் பின்னணி, பழங்கள், பூக்கள் என்று வந்தால் பிரிஸ்மாகலரின் செழிப்பு தனிதான். 150 நிறமும் அங்கே கைகொடுக்கும்.

லூமினன்ஸ் ஜெயிக்கும் இடம் வெள்ளை. பாலிக்ரோமோஸின் வெள்ளை, அடர் நிறத்தின்மேல் ஏறாமல் மங்கிவிடும். ஆகவே கண்மணியில் தெறிக்கும் ஒளிப்புள்ளிக்கும் மூக்குத்தியின் மினுக்கத்துக்கும் ஆரம்பத்திலேயே பேப்பரை வெறுமையாக விட்டு வைக்க வேண்டும். விட மறந்தால் லூமினன்ஸ் வெள்ளைதான் கதி. முடித்த பழுப்பின்மேலேயே நன்றாக உட்காரும். அதன் மண் நிறங்களும் அருமை. ஆனால் மூன்றில் விலை கூடியது இதுதான். 100 நிற முழு செட் வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

இனி, நம்மில் பலர் கேட்காமலே விடும் கேள்வி: வெளிச்சத்தில் நிறம் நிற்குமா? காசு வாங்கிக்கொண்டு ஒருவரின் முகத்தை வரைந்து கொடுக்கிறோம். அவர்கள் ஃபிரேம் போட்டு ஹாலில், ஜன்னலுக்கு எதிரே மாட்டுகிறார்கள். சில வருடங்களில் உதட்டுச் சிவப்பும் கன்னத்து ரோஸும் போய் முகம் வெளிறினால், அது நாம் கொடுத்த வாக்கை மீறியது போல. கலர் பென்சிலின் ஒளித்தாங்கும் திறனுக்கு ஏஎஸ்டிஎம் என்ற தரநிலை அமைப்பின் டி6901 என்று ஒரு தரநிலை இருக்கிறது. லூமினன்ஸ் 6901 என்ற பெயரே அந்த எண்ணிலிருந்து வந்தது. அந்த வரிசை முழுவதும் மேல் இரண்டு தரங்களுக்குள் அடங்கும். பாலிக்ரோமோஸில் பென்சிலின் உடம்பிலேயே நட்சத்திரக் குறி இருக்கும். மூன்று என்றால் உச்சம், ஒன்று என்றால் விற்கும் படத்துக்கு வேண்டாம். பிரிஸ்மாகலரில் ரோஸ், ஊதாக் குடும்பங்களில் சீக்கிரம் மங்கும் நிறங்கள் கணிசம். ஸ்கெட்ச் புத்தகத்துக்குள்ளேயே இருக்கும் படத்துக்கு, ஸ்கேன் செய்து பிரின்ட் விற்பவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. ஒரிஜினலை விற்பவர்கள் கம்பெனியின் ஒளித்தாங்கும் திறன் அட்டவணையைப் பார்க்காமல் அந்த நிறங்களைத் தொடக் கூடாது.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு நீளத் துண்டில் உங்கள் ரோஸ், ஊதா, ஆரஞ்சு எல்லாவற்றையும் பட்டை பட்டையாகப் பூசி, பாதியை அலுமினியத் தாளால் இறுக்கி மூடி, வெயில் நேராக விழும் ஜன்னலில் ஒட்டுங்கள். கோடை முழுக்க இருக்கட்டும். பிரித்துப் பார்த்தால் எது நின்றது, எது ஓடிப்போனது என்று பளிச்சென்று தெரியும்.

டெர்வென்ட் லைட்ஃபாஸ்ட் என்ற இங்கிலாந்து வரிசையும் 2018லிருந்து இருக்கிறது. ஒளித்தாங்கும் திறனில் லூமினன்ஸுக்கு நேர் போட்டி. கேம்லின், டாம்ஸ் போன்ற பள்ளி செட்டுகளில் கை பழகலாம்; நிறமி குறைவு என்பதால் அடுக்கு ஏற ஏற நிறம் ஆழமாகாது. இன்னொன்று: நம் ஸ்டேஷனரி கடைகளில் ஃபேபர்-காஸ்டெல் பெயரில் கிடைக்கும் பிள்ளைகளுக்கான கலர் பென்சில் வேறு, பாலிக்ரோமோஸ் வேறு. கம்பெனி பெயரை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம்.

முகம்தான் வரையப் போகிறீர்கள் என்றால் பாலிக்ரோமோஸ் 36 நிற செட்டில் தொடங்குங்கள். அதில் இல்லாத பழுப்புகளை ஒவ்வொன்றாகத் தனிப் பென்சிலாகச் சேர்த்துக்கொள்ளலாம். கூடவே லூமினன்ஸ் வெள்ளை ஒன்று. பூவும் பழமும் பின்னணியும் உங்கள் விஷயம் என்றால் பிரிஸ்மாகலர் 24 போதும். மிச்சமாகும் பணத்தில் 300 ஜிஎஸ்எம் ஹாட் பிரஸ் பேப்பர், அதாவது கெட்டியான, மேற்பரப்பு வழவழப்பான பேப்பர் வாங்குங்கள். மெல்லிய ஸ்கெட்ச் பேப்பரில் இந்த மூன்றில் எதுவுமே ஐந்தாவது அடுக்கைத் தாண்டாது.