கியோட்டோவுக்கு அப்புறம்: கனசாவாவா, ஹிரோஷிமாவா?

ஜப்பான் பயணத்தில் டோக்கியோ, கியோட்டோ உறுதி. கையில் இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. பலரும் திணறுவது இந்த இடத்தில்தான்.

பயணம்
கனசாவா: டோக்கியோவிலிருந்து நேரடி ஷின்கான்சென் (புல்லட் ரயில்), சுமார் இரண்டரை மணி நேரம். கியோட்டோவிலிருந்து என்றால், 2024 மார்ச் முதல் சுருகாவில் வண்டி மாற வேண்டும்.
ஹிரோஷிமா: கியோட்டோவிலிருந்து நோசோமி என்ற அதிவேக ஷின்கான்செனில் ஏறினால் மாறாமலே போய்விடலாம், இரண்டு மணி நேரம்கூட ஆகாது.

பார்க்க
கனசாவா: கென்ரோகுஎன் தோட்டம், பழைய தேநீர் விடுதித் தெரு, மெல்லிய தங்கத் தகடு செய்யும் பட்டறைகள். குளிர்காலத்தில் பனிப் பாரம் தாங்காமல் கிளை முறியாதபடி, தோட்டத்துப் பைன் மரங்களுக்கு உச்சியிலிருந்து கூம்பு போலக் கயிறு கட்டுவார்கள். அதைப் பார்க்கவே போகலாம்.
ஹிரோஷிமா: அமைதி அருங்காட்சியகத்தை அவசரமாகப் பார்க்க முடியாது. 1945 ஆகஸ்ட் 6 காலை 8:15-க்கு நின்றுபோன கைக்கடிகாரம், குழந்தையின் கருகிய மூன்று சக்கர சைக்கிள்... வெளியே வந்ததும் உடனே வேறு எதற்கும் மனம் ஒட்டாது. அன்று மாலையை ஆற்றங்கரைக்கு விட்டுவிடுங்கள். மறுநாள் பக்கத்திலுள்ள மியாஜிமா தீவு. கடலில் நிற்கும் தோரி என்ற கோயில் வாயிலுக்கு நீர் ஏற்றம், வற்றம் இரண்டிலும் தனி அழகு. நீர் ஏறும், வற்றும் நேரம் பார்த்துப் போங்கள்.

சாப்பாடு
கனசாவா: ஓமிச்சோ சந்தை, மீன் பிரியர்களுக்கு.
ஹிரோஷிமா: நூடுல்ஸ் வைத்த ஒகோனோமியாகி (முட்டைக்கோஸ் சேர்த்த கார அடை).

வானிலை
கனசாவாவில் மழை அதிகம், குடை கட்டாயம்.

முதல்முறை போகிறவர்களுக்கு என் ஓட்டு ஹிரோஷிமாவுக்கே. கைவினை, தோட்டம், நிதானமான நடை என்றால் கனசாவா. டோக்கியோ பக்கம் மட்டும் சுற்றுகிறவர்களுக்கும் அதுதான் வசதி.