புதிய பெயிண்ட், பழைய லைனர்: இன்ஜின் வேலைக்கு வண்டி விடுபவர்கள் கவனத்துக்கு

முழு இன்ஜின் வேலை பார்த்ததாகப் பில் போட்ட ஒரு பட்டறை, பிஸ்டன் ரிங்கை மட்டும் மாற்றி, மேலே பெயிண்ட் அடித்து, என் பழைய டீசல் லாரியை என்னிடம் ஒப்படைத்தது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பட்டறையின் பெயரை எழுதவில்லை. அவர்கள் எதையெல்லாம் எப்படி மறைத்தார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன். இதே வித்தை வேறு பட்டறைகளிலும் நடக்கக்கூடியதுதான்.

வண்டி எலெக்ட்ரானிக்ஸ் வருவதற்கு முந்தைய காலத்தது. ஆறு சிலிண்டர், வெட் லைனர் (பிஸ்டன் ஏறி இறங்கும், கழற்றி மாற்றக்கூடிய குழாய்; அதன் வெளிச்சுவரைத் தண்ணீர் நேராகத் தொடும்), இன்லைன் டீசல் பம்ப். புதிய லாரியில் கம்ப்யூட்டரை இணைத்தால் எந்த சிலிண்டர் சோர்ந்திருக்கிறது என்று ஓரளவுக்கு அதுவே சொல்லிவிடும். இதில் அந்த வசதி கிடையாது. ஆயில் பிரஷர் முள், புகையின் நிறம், ஓட்டுபவரின் காது, அவ்வளவுதான். திறந்து பார்க்காதவரை மெக்கானிக் சொன்னதே சத்தியம்.

பில்லில் இருந்தவை: கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) 0.25 மில்லிமீட்டர் கிரைண்டிங், அதற்கேற்ற தடிமனில் மெயின் பேரிங், கனெக்டிங் ராடு பேரிங், ஆறு லைனர், பிஸ்டன், ரிங் செட், டீசல் பம்ப் காலிபரேஷன், அதாவது டீசல் அளவை அளந்து சரிசெய்வது. இன்ஜினைப் பார்க்கக் கண் கூசியது. உச்சியில் உள்ள வால்வு கவர் முதல் அடியில் ஆயில் தேங்கும் சம்ப் வரை ஒரே பளபளப்பு. ரப்பர் ஹோஸ்களின் மேலும் பெயிண்ட் தெறித்திருந்தது. கழற்றி வேலை பார்த்த இன்ஜினில் ஹோஸ் மேல் பெயிண்ட் எப்படி வரும் என்று கேட்டபோது, "கடைசியில் ஒரு கை அடித்தோம் அண்ணே" என்றார் பட்டறைக்காரர்.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் ஆயில் பிரஷர் முள் வேலைக்கு முன்பு இருந்ததைவிட உயரத்தில் போய் நின்றது. சுமை ஏற்றி நன்றாகச் சூடான பிறகு ஐட்லிங்கில் விட்டால் முள் படுத்துவிட்டது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் சந்தேகப்படுங்கள். பேரிங்கில் இடைவெளி அதிகமாக இருந்தால் சூட்டில் இளகிய ஆயில் தங்காமல் வழிந்துவிடும், பிரஷர் நிற்காது. அதை மறைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 15W-40 ஆயில் ஊற்ற வேண்டிய இடத்தில் அதைவிடக் கெட்டியான 20W-50 ஊற்றுவது. இன்னொன்று, பிரஷர் மிஞ்சினால் திறந்து ஆயிலை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு வாஷர் வைத்து இறுக்குவது. வாஷர் வைத்தால் குளிரில் முள் கம்பீரமாக ஏறும். சூடான ஐட்லிங்கில் அந்த வால்வு மூடியே இருப்பதால் அங்கே அதனால் ஒரு பயனும் இல்லை. என் வண்டியில் இரண்டையுமே செய்திருந்தார்கள்.

ஆயில் ஃபில்லர் மூடியைத் தலைகீழாகத் திருப்பி வாயின்மேல் சும்மா வைத்துப் பார்த்தேன். ஐட்லிங்கிலேயே மூடி குதித்துக் கீழே விழுந்தது. புதிய லைனரும் புதிய ரிங்கும் போட்ட இன்ஜினில் இவ்வளவு காற்று சம்ப் பக்கம் தப்பக்கூடாது. "ஓட ஓட ரிங் பதிந்துவிடும் அண்ணே" என்று சொன்னார்கள். ரிங் பதியக் கொஞ்சம் ஓட வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் பதிய வேண்டிய ரிங் நாளுக்கு நாள் ஆயில் குடிப்பதைக் குறைக்க வேண்டும், இது கூட்டியது. ஆயில் சாம்பிளைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். இரும்பு அதிகம் என்று வந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, புது வேலையில் அது சகஜம். ஈயமும் தாமிரமும் அதிகம், கூடவே சோடியம் இருக்கிறது என்று வந்ததுதான் வயிற்றைக் கலக்கியது. முதல் இரண்டும் பேரிங்கிலிருந்து வருபவை. சோடியம் பெரும்பாலும் கூலன்ட் மருந்திலிருந்து வருவது. அதாவது தண்ணீர் ஆயிலுக்குள் இறங்குகிறது.

வேறொரு மெக்கானிக்கிடம் சம்ப்பைக் கழற்றினோம். மூத்தவர், பேச்சு குறைவு. ஒரு மெயின் பேரிங் ஷெல்லை (பேரிங்கின் பாதி வளையம்) எடுத்துத் துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார். உள்பக்கம் சாம்பல் நிறத்துக்கு நடுவே செம்பு நிறம் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. மேலே உள்ள மெல்லிய மென்பூச்சு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு, மூன்று பங்குதான் இருக்கும். அது தேய்ந்தால் அடியில் உள்ள தாமிர அடுக்கு வெளியே வரும். "திருப்பிப் பாருங்கள்" என்றார். பின்பக்க எஃகில் முத்திரை தெளிவாக இருந்தது: ஸ்டாண்டர்ட், அதாவது தேய்க்காத கிராங்குக்கான அளவு. 0.25 என்று எங்குமே இல்லை. கால் மில்லிமீட்டர் தேய்த்த கிராங்கில் ஸ்டாண்டர்ட் பேரிங் போட்டிருந்தால் முதல் ஸ்டார்ட்டிலேயே இன்ஜின் தட்டிக்கொண்டு நின்றிருக்கும். ஆகவே கிராங்க் லேத் பக்கமே போகவில்லை. பேரிங் வண்டியோடு வந்த பழைய பேரிங். இதற்கு மேல் வாதம் தேவையா?

ஹெட்டைத் தூக்கியதும் லைனரின் கதையும் வெளியே வந்தது. மேல் விளிம்பிலிருந்து உள்ளே நகத்தை இறக்கினால், ரிங் திரும்பும் இடத்தில் ஒரு படி தட்டியது. அந்தப் படி பல காலம் ஓடித் தேய்ந்த லைனரில்தான் உண்டாகும். ஆயில் தங்கவும் ரிங் பதியவும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறியிருக்க வேண்டிய ஹோனிங் கோடுகள் இல்லை. முகம் பார்க்கும் அளவுக்கு வழுவழுப்பு. அந்த வழுவழுப்பின்மேல் புதிய ரிங்கைப் போட்டால் அது எதன்மேல் பதியும்? லைனரை உருவியபோது அடியில் இருந்த ரப்பர் ரிங்கை மெக்கானிக் வளைத்தார், பட்டென்று உடைந்தது. வெளிப்புறத்தில், பிஸ்டன் அழுத்தும் பக்கத்தில், ஊசியால் குத்தியதுபோல் வரிசையாகக் குழிகள்.

இந்தக் குழிகள் துருவால் மட்டும் வருபவை அல்ல. ஒவ்வொரு வெடிப்பிலும் லைனர் அதிரும்போது அதன் வெளிச்சுவரை ஒட்டிய தண்ணீரில் நுண்ணிய ஆவிக் குமிழிகள் உண்டாகி உடனே நொறுங்கும். அந்த நொறுங்கல் இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். வெட் லைனர் இன்ஜினில் வெறும் தண்ணீர் ஊற்றக்கூடாது, உரிய மருந்து கலந்த கூலன்ட்தான் ஊற்ற வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். குழி மறுபக்கம் எட்டினால் தண்ணீர் நேராக சம்ப்புக்கு வரும். என் இன்ஜினில் ஒரு லைனர் அந்த நிலைக்கு வந்திருந்தது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது டீசல் பம்பில் செய்த வேலை. காலிபரேஷன் செய்த பம்பில் டீசல் அளவுத் திருகுக்குப் புதிய சீல் போட்டுத் தருவது முறை. இதில் பழைய சீல் கம்பியை வெட்டித் திருகைக் கூட்டிவிட்டு, அப்படியே பெயிண்ட் அடித்திருந்தார்கள். கம்ப்ரஷன் குறைந்த இன்ஜினில் டீசலைக் கூட்டிவிட்டால் தற்காலிகமாக இழுவை கிடைக்கும், "பார்த்தீர்களா, எப்படி ஏறுகிறது!" என்று சொல்லிவிடலாம். மேட்டில் கரும்புகை கக்கும். எக்ஸாஸ்ட் வெப்பம் எகிறும். பிஸ்டன் அலுமினியக் கலவை. சுத்த அலுமினியமே 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். நீண்ட மேட்டில் முழுச் சுமையோடு போயிருந்தால் பிஸ்டன் தலை ஓட்டையாகி நடு வழியில் நின்றிருக்கும். பணத்தைத் திருடியதைக்கூட ஒருவேளை மறப்பேன், இதை மறக்க மாட்டேன்.

பட்டறைக்காரரிடம் ஷெல்லைக் காட்டியபோது முதலில் "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்றார். முத்திரையைக் காட்டியதும், வேலைக்காரப் பையன் மாற்றிப் போட்டுவிட்டான் என்றார். ஆறு சிலிண்டரிலுமா என்றதற்குப் பதில் இல்லை. இன்ஜினை மறுபடியும் அவரிடமே கொண்டுவந்தால் சரிசெய்து தருவாராம். ஆதாரத்தை அவர் கையிலேயே கொடுக்கச் சொல்கிறார், நல்ல யோசனை.

இன்ஜின் வேலைக்கு வண்டி விடுவதற்கு முன்பே, கழற்றிய பழைய பாகங்கள் அத்தனையும் எனக்கு வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். "இரும்புக்குப் போட்டுவிட்டோம்" என்ற பதிலை ஏற்காதீர்கள். கிராங்க் ஜர்னல் (கிராங்கில் பேரிங் உட்காரும் பகுதி) ஒவ்வொன்றின் அளவும் மைக்ரோமீட்டரில் எடுத்து எண்ணாக எழுதப்பட வேண்டும். லைனர் பிளாக்கின் மேல்மட்டத்திலிருந்து எவ்வளவு எழும்பி நிற்கிறது என்று டயல் கேஜ் வைத்து ஆறுக்கும் எழுதித் தர வேண்டும். ஹெட் கேஸ்கெட் தாங்குவது மில்லிமீட்டரில் நூறில் சில பங்கான அந்த எழுச்சியை நம்பித்தான். பேரிங் போடும் முன் முதுகு முத்திரையைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒழுங்காக வேலை செய்பவர் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார், அவரே அளந்துதான் பூட்டுகிறார். இன்ஜின் கைக்கு வரும்வரை பெயிண்ட் அடிக்கக்கூடாது என்றும் சொல்லிவிடுங்கள். கசிவு எங்கே என்பது பெயிண்ட் இல்லாத இரும்பில்தான் தெரியும்.

இப்போது கிராங்க் உண்மையிலேயே கிரைண்டிங்குக்குப் போயிருக்கிறது. பம்ப் வேறொரு இடத்தில் டெஸ்ட் பெஞ்சில் இருக்கிறது. ஒவ்வொரு குழாயும் எந்த வேகத்தில் எத்தனை மில்லிலிட்டர் டீசல் தருகிறது என்ற தாள் வந்தால்தான் மீதிப் பணம் என்று பேசியிருக்கிறேன். அவர்களும் சரி என்றார்கள்.