முதல் நாவலைக் கொடுக்கும் முன், ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரியைத் தேடுங்கள்

என் முதல் நாவலை முடித்தபோது எனக்கு வயது 53. எழுதப் பன்னிரண்டு வருடம் ஆனது. வெளிநாட்டில் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து, அறையில் மற்றவர்கள் தூங்கும் நேரத்தில் கைப்பேசியிலேயே தட்டித் தட்டி எழுதிய நாவல்.

நான்கு பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். ஒன்று மறுத்தது, ஒன்று அடுத்த வருடம் பார்க்கலாம் என்றது, மற்ற இரண்டும் பதிலே போடவில்லை. ஐந்தாவது பதிப்பகத்திலிருந்து மூன்றாவது நாளே போன் வந்தது. "சார், அருமையான நாவல். உடனே போட்டுடலாம்." 400 பக்கத்தை மூன்று நாளில் படித்துவிட்டார்களா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்தச் சொல்லுக்காக அவ்வளவு காலம் காத்திருந்தேன்.

அப்புறம்தான் பணப் பேச்சு வந்தது. செலவைப் பகிர்ந்துகொள்ளலாம் என்றார்கள். என் பங்கு, மூன்று மாதச் சம்பளம். 500 பிரதி அச்சடிப்போம் என்று எழுதித் தந்தார்கள். பட்டியலில் ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண்ணுக்கான கட்டணம், காப்புரிமைப் பதிவுக் கட்டணம் என்று தனித்தனியாக இருந்தன. ஐஎஸ்பிஎன் சில நாடுகளில் இலவசம், சிலவற்றில் கட்டணம் உண்டு. எப்படியானாலும் பதிப்பகத்தின் பெயரில் பதிவாகும் எண்ணுக்குப் பதிப்பகம்தான் செலவு செய்ய வேண்டும். காப்புரிமையோ, 1886-இன் பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில் எழுதும்போதே நம்முடையதாகிவிடுகிறது. பதிவு செய்தால் ஆதாரமாக உதவலாம், கட்டாயமில்லை. எனக்கு அந்தச் சான்றிதழும் கடைசிவரை வரவில்லை.

மெய்ப்புப் பார்க்க, அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்த, இரண்டு நாள் கொடுத்தார்கள். இரண்டு நாளும் எனக்குத் தொடர்ந்து ஷிஃப்ட். தேதி தள்ளக் கேட்டேன், அச்சகம் காத்திருக்கிறது என்றார்கள். புத்தகம் வந்தது. யூனிகோடில் நான் கொடுத்ததைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றிப் பக்கம் கட்டியிருக்கிறார்கள். பல இடங்களில் ஒற்றைக்கொம்பு வரியின் கடைசியில் தனியாகத் தொங்கியது, அதற்குரிய எழுத்து அடுத்த வரியில் கிடந்தது. அம்மா இறக்கும் அத்தியாயத்தில் 'ஸ்ரீ' வர வேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டம். அந்தப் பக்கத்தை எத்தனை முறை திருத்தியிருப்பேன் என்று எனக்குத்தான் தெரியும்.

சரி, மறுபதிப்பில் திருத்திக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். எட்டு மாதம் கழித்து நண்பர் ஒருவர் ஒரு பிரதி வாங்கி, கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். அடியில் சின்ன எழுத்தில் அச்சிட்ட தேதி. அவர் ஆர்டர் செய்ததற்கு மறுநாள்! 500 பிரதி எங்கும் இல்லை. யாராவது கேட்டால் ஒன்று அடிக்கும் பி.ஓ.டி. முறை.

பி.ஓ.டி. தப்பான முறையே இல்லை. நல்ல பதிப்பகங்களும் அப்படி அச்சிடுகின்றன. ஆனால் என் ஒப்பந்தத்தில் "நூல் விற்பனையில் இருக்கும்வரை வெளியிடும் உரிமை பதிப்பகத்துக்கு" என்று ஒரு வரி இருந்தது. முன்பெல்லாம் பிரதி தீர்ந்து, மறுபதிப்பு வராவிட்டால் உரிமையைத் திரும்பக் கேட்க ஒரு பிடி இருக்கும். பி.ஓ.டி.யில் பிரதி தீரவே தீராது. வருடத்துக்கு ஒன்று விற்றாலும் நூல் விற்பனையில் இருப்பதாகத்தான் கணக்கு. போன பணத்தை இன்னும் சில மாதம் உழைத்து ஈட்டிவிடலாம். நாவலே கையை விட்டுப் போயிருந்தது எனக்கு அன்றுதான் புரிந்தது. வழக்கு என்றால் பதிப்பகம் இருக்கும் ஊரில்தான் என்று இன்னொரு வரி வேறு. வருடத்துக்கு ஒரு மாத விடுப்பில் வருகிறவன் எந்த நீதிமன்றத்துக்கு அலைய முடியும்?

கடைசியில் அவர்கள் எழுதித் தந்த அந்த 500-தான் உதவியது. அச்சக ரசீதைக் காட்டுங்கள், இல்லையென்றால் ஒப்பந்தத்தை மீறியது நீங்கள் என்று வழக்கறிஞர் மூலம் கடிதம் போனது. பதினான்கு மாத இழுபறிக்குப் பிறகு, உரிமையைத் திருப்பித் தருவதாக இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. பணம் வரவில்லை.

ஆகவே, கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். எத்தனை பிரதி, எந்த முறையில் அச்சு, உரிமை எத்தனை வருடம், எப்போது திரும்பும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். அந்தப் பதிப்பகத்தில் ஏற்கெனவே புத்தகம் போட்ட இரண்டு பேரிடமாவது பேசுங்கள். நான் பிறகு பேசிப் பார்த்தேன், மூன்று பேருக்கும் இதே கதை.

இப்போது ஒரு சின்னப் பதிப்பகம் நாவலை எடுத்திருக்கிறது. படித்து முடிக்கவே ஐந்து மாதம் எடுத்துக்கொண்டார்கள். எடிட்டர் அறுபது பக்கத்தை வெட்டச் சொன்னார், பணம் கேட்கவில்லை. ஒரு வருடத்தில் ஐம்பது பிரதிக்குக் குறைவாக விற்றால், என் கடிதம் கிடைத்த முப்பது நாளில் உரிமை எனக்குத் திரும்பும் என்று ஒரு வரி சேர்க்கக் கேட்டேன். மறுபேச்சில்லாமல் சேர்த்துக் கொடுத்தார்கள்.