1966 என்று சொல்லி விற்கப்பட்ட 1969 டீலக்ஸ் ரிவெர்ப்: பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

"ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப், 1966, கருப்பு முகப்பு, எல்லாம் ஒரிஜினல், கெபாசிட்டர்கள் அத்தனையும் புதிதாக மாற்றியது." அமெரிக்காவில் ஒரு விற்பனையாளர் போட்ட விளம்பரம் இது. டீலக்ஸ் ரிவெர்ப் என்பது கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்; அதன் முகப்புப் பலகை முதலில் கருப்பு, பின்னாளில் வெள்ளி. பெட்டியில் வந்தது 1969-இல் செய்த வெள்ளி முகப்பு ஆம்ப். அதற்குக் கருப்புப் பலகையும் புதுத் துணியும் போட்டு, உள்ளே முக்கியமான ஒரு பாகத்தையும் மாற்றி விற்றிருக்கிறார். இந்த ஏமாற்று எப்படிச் செய்யப்படுகிறது, எங்கே மாட்டும் என்று விவரமாகவே சொல்லிவிடுகிறோம்.

விளம்பரத்தில் இருந்த படங்கள் இரண்டே இரண்டு. ஒன்று ஸ்பீக்கர் விளிம்பில் 465-628 என்ற எண். 465 என்றால் ஆக்ஸ்ஃபோர்டு கம்பெனி, 6 என்றால் 1966, 28 என்றால் 28-ஆம் வாரம். அது உண்மையானதுதான், வேறொரு ஆம்பிலிருந்து கழற்றி மாட்டியது. இன்னொன்று பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ட்யூப் அட்டவணையில் (எந்த வெற்றிடக் குழாய் எங்கே என்று காட்டும் தாள்) 'பி எச்' (PH) என்ற முத்திரை. ஃபெண்டரின் கணக்கில் முதல் எழுத்து ஆண்டு: 1951-க்கு 'ஏ' (A) என்று தொடங்கினால் 'பி' (P) 1966-இல் வரும். இரண்டாம் எழுத்து மாதம்; 'எச்' ஆகஸ்ட். முத்திரை சரி, காகிதம்தான் பொய். ஐம்பது வருடம் ட்யூப் சூட்டில் இருந்த காகிதம் சூடு பட்ட பக்கம் கருத்திருக்கும், மற்ற இடத்தில் வெளுப்பாக இருக்கும். இதில் மேலிருந்து கீழ்வரை ஒரே பழுப்பு. ஓரத்தைச் சாய்த்துப் பார்த்தால் தூரிகை இழுத்த கோடு தெரிகிறது.

சேசிஸை (பாகங்கள் பொருத்திய உலோகச் சட்டம்) வெளியே எடுத்ததும் மீதி வெளிவந்தது. பவர் டிரான்ஸ்ஃபார்மரில் 606-9-44. 606 என்பது ஷூமாக்கர் கம்பெனி. 9 என்பது ஆண்டின் கடைசி இலக்கம்: 1959, 1969 அல்லது 1979. 44 என்றால் 44-ஆம் வாரம். டீலக்ஸ் ரிவெர்ப் என்ற மாடலே 1963-இல்தான் வந்தது, ஆகவே 1959 இல்லை. வால்யூம், டோன் பொட்களின் (குமிழுக்குப் பின்னால் உள்ள பாகங்கள்) முதுகில் 1376940: சிடிஎஸ் கம்பெனி, 1969, 40-ஆம் வாரம். இரண்டுக்கும் நாலே வாரம்தான் இடைவெளி, எனவே 1969 என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஸ்பீக்கர் பலகையைக் கழற்றி, துணியை மடித்து அடித்த பின்பக்கத்தைப் பாருங்கள். பழைய ஸ்டேப்பிள் பின்களைப் பிடுங்கியவர் எல்லாவற்றையும் பிடுங்கவில்லை. துருப்பிடித்த மூன்று பின்களுக்கு அடியில் நீலம் கலந்த வெள்ளி இழைகள் சிக்கிக் கிடந்தன. அந்த நீல இழை வெள்ளி முகப்புக் காலத்துத் துணியில் வருவது.

வெள்ளி முகப்பு மட்டமான ஆம்ப் என்று நாங்கள் சொல்லவில்லை. வெள்ளி என்று சொல்லி விற்றிருந்தால் குறையே இல்லை. இன்னொரு கோளாறு இதைவிட மோசம், ஏனென்றால் அது சத்தத்திலேயே கை வைக்கிறது.

டீலக்ஸ் ரிவெர்ப் என்றால் இரண்டு 6வி6 ட்யூப், ஏசியை டிசியாக்கும் ஜிஇசட்34 ரெக்டிஃபையர், 22 வாட், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. வால்யூம் 3-இல் மணி மாதிரி சுத்தமாக ஒலிக்கும். 5, 6-க்கு ஏற்றினால் விரலின் அழுத்தத்துக்கு ஏற்பச் சத்தம் மெல்ல உடைந்து கரகரக்கும். அந்த உடைவுக்காகத்தான் இந்த ஆம்பைத் தேடி வாங்குகிறார்கள். 6வி6 ஜோடிக்கு ஏற்ற அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் (ட்யூப்களை ஸ்பீக்கரோடு இணைப்பது) இருந்தால்தான் அது வரும். இந்த ஆம்பில் மற்ற டிரான்ஸ்ஃபார்மர்களில் 606 எண் இருக்க, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் மட்டும் எண்ணே இல்லை.

அது எதற்கானது என்று நீங்களே அளக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்து, ஃபில்டர் கெபாசிட்டர்களை (மின்சாரத்தைச் சீராக்குபவை; துண்டித்த பிறகும் ஆபத்தான வோல்ட்டேஜைத் தேக்கி வைத்திருக்கும்) 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் 5 வோல்ட்டுக்குக் கீழே வந்ததை உறுதி செய்த பிறகே கையை உள்ளே விடுங்கள். ட்யூப்களை எடுத்துவிடுங்கள். சிறிய 6 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரின் ஏசியை அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் நீலம், பழுப்பு ஒயர்களுக்கு இடையே கொடுத்து, ஸ்பீக்கர் பக்கம் வரும் வோல்ட்டேஜைப் படியுங்கள். இங்கே பலர் தவறுகிறார்கள்: ஸ்பீக்கர் பிளக்கை உருவினால் ஃபெண்டரின் ஜாக் தானாகவே ஷார்ட் ஆகிவிடும், மீட்டர் பூஜ்யம் காட்டும். எதிலும் இணைக்காத காலி பிளக் ஒன்றைச் செருகி வைத்து அளக்க வேண்டும். 6.3 வோல்ட் கொடுத்தால் சுமார் 0.22 வர வேண்டும், விகிதம் 28.7, அதன் வர்க்கத்தை 8 ஓமால் பெருக்கினால் 6,600 ஓம். இதில் வந்தது 0.28. கணக்குப் போட்டால் 4,000 ஓம். 6எல்6 ட்யூப் ஜோடிக்குப் போடுவது அது. 6வி6-க்கு இது பொருந்தாத சுமை. ட்யூப் அதிகக் கரண்ட் இழுக்கும், உடைவின் குணமும் மாறிப்போகும்.

"கெபாசிட்டர்கள் புதிது" என்பதும் பாதிப் பொய். சேசிஸின் மேல் உள்ள தகர மூடியைத் திறந்தால் 16 மைக்ரோஃபாரட் 450 வோல்ட் ஃபில்டர் கெபாசிட்டர் ஐந்து இருக்க வேண்டும். இரண்டுதான் புதியவை. மீதி மூன்றின் முனையில் ரப்பர் வீங்கி, காய்ந்த கசிவு வெள்ளையாகப் படிந்திருந்தது. காதால் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: முதல் கம்பியில் 12-ஆம் ஃபிரெட்டுக்கு மேல் ஒரு சுரத்தை உரக்க வாசியுங்கள். அதற்கு அடியில் சுதி சேராத இன்னொரு சுரம் நிழல் மாதிரி கேட்டால் ஃபில்டர் கெபாசிட்டர் போய்விட்டது.

பயஸ் கெபாசிட்டரையும் (ட்யூப் இழுக்கும் கரண்டை அடக்கிவைக்கும் மைனஸ் வோல்ட்டேஜைச் சீராக்குவது) தொடவே இல்லை. 25 மைக்ரோஃபாரட் 50 வோல்ட், விலை மிகக் குறைவு. அது காய்ந்து, 6வி6-இன் 5-ஆம் பின்னில் மைனஸ் 35 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் மைனஸ் 26 மட்டுமே இருந்தது. விளைவு, ட்யூப் ஒவ்வொன்றும் 420 வோல்ட்டில் 36 மில்லி ஆம்பியர் இழுத்தது, அதாவது 15 வாட். 6வி6 தாங்குவது 14. அறையை இருட்டாக்கிப் பார்த்தால் உள்தகட்டில் மங்கலான சிவப்பு. 22, 23 மில்லி ஆம்பியருக்கு மேல் வைக்கவே கூடாது.

ஃபியூஸ் போடும் இடத்தில் எழுதியிருப்பது 2 ஆம்பியர், உள்ளே போட்டிருந்தது 8. இரண்டு பின் ஒயர், அதோடு மின்கம்பியிலிருந்து சேசிஸுக்குப் போகும் 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், இரண்டும் அப்படியே. அந்தக் கெபாசிட்டர் ஷார்ட் ஆனால் கிட்டார் கம்பியைப் பிடித்தவர் கையில் 120 வோல்ட். வாங்கிய அன்றே அதை வெட்டிவிட்டு மூன்று பின் ஒயர் போட்டு, பச்சை ஒயரைச் சேசிஸில் தனி போல்ட்டில் இறுக்குங்கள். இந்தியாவுக்கோ இலங்கைக்கோ எடுத்துப் போகிறவர்கள் இன்னும் கவனியுங்கள்: மலிவான 230-110 ஸ்டெப் டவுன் (வோல்ட்டேஜைக் குறைக்கும் கருவி) பெரும்பாலும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர், அதாவது உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரே சுற்றில் இணைந்த வகை. பிளக்கைத் திருப்பிச் செருகினால் 230 வோல்ட்டே அந்தக் கெபாசிட்டர் வரை வரும். இரண்டும் தனித்தனிச் சுற்றாக இருக்கும் 300 விஏ ஐசோலேஷன் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

இனி யாரிடம் வாங்கினாலும் சேசிஸை வெளியே எடுத்த படங்களைக் கேளுங்கள்: எல்லா டிரான்ஸ்ஃபார்மர்களின் எண், குறைந்தது மூன்று பொட்களின் முதுகு, தகர மூடி திறந்த நிலையில் கெபாசிட்டர்கள், ஸ்பீக்கர் பலகையின் பின்பக்கம். நாலு திருகுகளைக் கழற்றினால் சேசிஸ் கையில் வந்துவிடும். அதற்கு மறுப்பவரிடம் "ஒரிஜினல்" என்ற வார்த்தைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

"பழைய பொருள், உள்ளது உள்ளபடி" என்று முதலில் மறுத்தவர், எண்களின் படங்களை அனுப்பியதும் பணத்தைத் திருப்பித் தந்து ஆம்பை வாங்கிக்கொண்டார். அது மறுபடி விற்பனைக்கு வரும். அடையாளம்: பவர் டிரான்ஸ்ஃபார்மர் 606-9-44, ஸ்பீக்கர் 465-628, அட்டவணையில் 'பி எச்', பெட்டியின் இடது கீழ் மூலையில் தோலுறை இரண்டு அங்குலம் கிழிந்து கருப்புப் பசையால் ஒட்டப்பட்டிருக்கும்.