செவ்வாய் உருண்டை வாங்கப் போகிறீர்களா? மேடு பள்ளம் காட்டுவதை வாங்குங்கள்

ஒரு மாதமாக என் மேசையில் 30 செ.மீ. விட்டமுள்ள செவ்வாய்க் கிரக உருண்டை ஒன்று இருக்கிறது. ஆன்லைனில் வாங்கியது, நாலாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று துருச் சிவப்பில் போட்டோ மாதிரியே இருக்கும். இன்னொன்று மேடு பள்ளத்தை நிறத்தில் காட்டும்: பள்ளம் நீலம், மேடு சிவப்பு, உச்சி வெள்ளை. பார்க்க முதல் வகைதான் அழகு. ஆனால் அங்கே ஒரு காலத்தில் தண்ணீர் எப்படி ஓடியது என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் யோசிக்காமல் இரண்டாவதை வாங்குங்கள்.

தண்ணீர் பள்ளத்துக்குத்தானே ஓடும்! மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலம் லேசரால் அளந்த உயரங்கள்தான் இந்த நிறங்கள். வேல்ஸ் மரினெரிஸ் பள்ளத்தாக்கு 4,000 கி.மீ. நீளம், உருண்டையில் 18 செ.மீ. வருகிறது, ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. அதன் கிழக்கு முனையில் விரலை வைத்து வடக்கே நகர்த்திப் பாருங்கள். தரை உள்வாங்கிக் குழம்பிக் கிடக்கும் இடங்கள் வரும், அங்கிருந்து அகலமான தடங்கள் கிரைசி சமவெளியின் நீலத்துக்குள் இறங்கும். நிலத்தடியில் அடைபட்டிருந்த நீர் பீறிட்டு வெளியேறி, மேலே இருந்த தரை இடிந்து விழ, வெள்ளம் நிலத்தை அறுத்துக்கொண்டு போன வழிகள் இவை என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் விளக்கம். 1997இல் பாத்ஃபைண்டர் விண்கலம் இறங்கியது இப்படி ஒரு தடமான ஏரெஸ் வேலிஸின் வாயில்தான். இதையெல்லாம் வருடக்கணக்காகப் படித்திருக்கிறேன், ஆனால் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு விரல் இறங்கியபோதுதான் எனக்கு உண்மையில் புரிந்தது.

இனி குறைகள். எந்த நிறம் எவ்வளவு உயரம் என்று சொல்லும் அளவுப்பட்டை உருண்டையிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. இது பெரிய தவறு. அண்ணன் மகள் பார்த்ததுமே "இவ்ளோ கடலா சித்தப்பா?" என்று கேட்டாள். நீலம் என்றால் தாழ்வு, அவ்வளவுதான், கடல் இல்லை. வடபாதியில் பழைய கடல் இருந்ததா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. தெற்கே அடர் நீலமாகத் தெரியும் ஹெல்லஸ், விண்கல் மோதி உண்டான பள்ளம், 2,300 கி.மீ. அகலம்.

அப்புறம், அளவு போதவில்லை. க்யூரியாசிட்டி ஊர்தி 2012இல் இறங்கிய கேல் பள்ளம் 154 கி.மீ. அகலம், இங்கே 7 மி.மீ.தான். பழைய ஓடையில் உருண்டு மழுங்கிய கூழாங்கற்களும் ஏரியின் அடியில் படிந்த சேற்றுப் பாறைகளும் கிடைத்த இடம் அது. பெர்சிவரன்ஸ் ஊர்தி 2021இல் இறங்கிய ஜெசெரோ பள்ளம் கடுகளவு, பெயர்கூடப் போடவில்லை. அங்குள்ள ஆற்றுக் கழிமுகத்தைப் பார்க்க விண்கலப் படங்களைத்தான் தேடிப் போக வேண்டும்.

காலத்தையும் இது காட்டாது, அதை நாம்தான் படித்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் பெரும்பாலானவை 350 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியவை. காந்தப்புலம் அணைந்தபின் சூரியக் காற்று (சூரியனிலிருந்து பாயும் மின்துகள்கள்) வளிமண்டலத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது, 2014இல் போய்ச் சேர்ந்த மேவன் விண்கலம் அதை அளந்து காட்டியது. இப்போது அங்கே காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் 1 சதவீதம்கூட இல்லை, அதனால் தண்ணீர் திரவமாக நிற்காது. மீதித் தண்ணீரில் ஒரு பங்கு வடதுருவத்தில் பனிக்கட்டியாக இருக்கிறது, உருண்டையில் 4, 5 செ.மீ. வெள்ளைத் திட்டு. அதில் பனியும் தூசியும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. நம் நிலா மாதிரி பெரிய துணைக்கோள் இல்லாததால் செவ்வாயின் அச்சு ரொம்பவே சாய்ந்து நிமிர்கிறது, அப்படித் தட்பவெப்பம் மாறிய கணக்கு அந்த அடுக்குகளில் பதிந்திருக்கிறது. அந்த வெள்ளை உச்சியின் நிறம் இல்லை, பனி; அதற்கு விற்பவர்கள் ஒரு வரி விளக்கமாவது தந்திருக்கலாம்.

ஒட்டு வேலை பரவாயில்லை, நடுக்கோட்டில் மட்டும் இரண்டு பாதியும் ஒரு மி.மீ. விலகி நிற்கின்றன. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குத் தாராளமாக வாங்கலாம். கூடவே ஒரு பூதக்கண்ணாடியும் வாங்கிவிடுங்கள், எழுத்து ரொம்பப் பொடி.