ரோமில் ஒரே நாள்: கொலோசியம் பக்கமா, வத்திக்கான் பக்கமா?

காலையில் கொலோசியம், மதியம் வத்திக்கான் என்று திட்டம் போடுகிறவர்கள் நிறையப் பேர். கையில் ஒரு நாள்தான் இருக்கிறதென்றால் அதைச் செய்யாதீர்கள். கொலோசியோ நிலையத்தில் பி லைன் மெட்ரோ ஏறி, தெர்மினியில் ஏ லைனுக்கு மாறி, ஒத்தாவியானோவில் இறங்கி நடந்தால் வாசலுக்கு வாசல் முக்கால் மணி நேரம் ஆகும். அதைவிட நேரத்தைத் தின்பது சோதனை வரிசைகள். கொலோசியம், பழைய ரோமின் பொதுச் சதுக்க இடிபாடுகளான ஃபோரம், வத்திக்கான் அருங்காட்சியகம், புனித பேதுரு பேராலயம் என நான்கிலும் தனித்தனியாகப் பையைச் சோதிப்பார்கள். ஏதாவது ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பாருங்கள்.

எந்தப் பக்கம் என்பதைப் பல சமயம் கிழமையே முடிவு செய்துவிடும். வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கு ஞாயிறு விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், அன்று கூட்டம் நெரியும். புதன்கிழமை காலை பேராலயத்தின் முன் உள்ள சதுக்கத்தில் போப்பின் பொதுச் சந்திப்பு நடந்தால், மதியம் வரை பேராலயத்துக்குள் போக முடியாது. இந்த இரண்டு கிழமைகளிலும் கொலோசியம் பக்கமே சரி. மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் விதிவிலக்கு: கொலோசியம் இலவசம், முன்பதிவும் கிடையாது, வரிசையிலேயே பாதி நாள் போய்விடும்.

டிக்கெட்டைப் பொறுத்தவரை, கொலோசியத்துக்கு 30 நாள் முன்னதாகவும் வத்திக்கானுக்கு 60 நாள் முன்னதாகவும் அதிகாரபூர்வத் தளங்களில் விற்பனை திறக்கிறது. முன்னது 18 யூரோ. அதிலேயே ஃபோரமும் பலத்தீன் குன்றும் அடக்கம், 24 மணி நேரம் செல்லும். பின்னது 20 யூரோ, முன்பதிவுக்கு 5 யூரோ கூடுதல். கொலோசியம் டிக்கெட்டில் பெயர் அச்சாகும், வாசலில் அடையாளச் சான்று கேட்பார்கள். அதனால் இனிஷியலோடு எழுதிப் பழகிய நம்மவர்கள் பாஸ்போர்ட்டில் உள்ள முழுப் பெயரையே நிரப்ப வேண்டும். நிலத்தடிப் பகுதி தனி டிக்கெட், அதுதான் முதலில் தீரும். கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம். அரங்கின் தளம் ஒரு பகுதிக்கு மட்டுமே மூடியிருப்பதால், இரண்டாம் அடுக்கில் நின்று பார்த்தாலே கீழே உள்ள சுரங்கப் பாதைகள் தெளிவாகத் தெரியும்.

கொலோசியம் பக்கத்தின் பெரிய வசதி, நேரக் கட்டுப்பாடு கொலோசியத்துக்குள் நுழைய மட்டும்தான். ஃபோரத்துக்கு அந்த 24 மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம், ஆனால் ஒரு முறைதான். குளிர்காலத்தில்தான் சிக்கல். மாலை 4:30க்கு மூடிவிடுவார்கள், நுழைவு அதற்கு ஒரு மணி நேரம் முன்பே நின்றுவிடும். டிசம்பரில் மதியம் 2 மணி டிக்கெட் வாங்கினவர்கள் கொலோசியத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருவதற்குள் ஃபோரம் கைநழுவிவிடும். அப்படிப்பட்ட நேரம் அமைந்தால் ஃபோரத்தை முதலில் முடித்துவிடுங்கள். கோடையில் காலை 8:30 டிக்கெட்தான் நல்லது, ஏனென்றால் ஃபோரத்தில் நிழலே கிடையாது.

கொலோசியத்திலிருந்து ஃபோரத்துக்கு வந்தால் சான் கிரெகோரியோ தெரு வாசல் வழியாக நுழையுங்கள், மற்ற வாசல்களைவிட அங்கே கூட்டம் பெரும்பாலும் குறைவு. முதலில் பலத்தீன் ஏறுங்கள். மேலே பைன் மர நிழல் உண்டு, ஃபோரம் முழுவதையும் குனிந்து பார்க்கலாம். அந்தப் படம் மனதில் இல்லாமல் கீழே இறங்கினால் உடைந்த கற்குவியல்தான் கண்ணில் படும். இறங்கிய பிறகு, எருசலேம் ஆலயத்தின் ஏழுகிளை விளக்கைச் சுமந்து வரும் காட்சி செதுக்கப்பட்ட தீத்து வளைவு, மூன்று பெரும் வளைகூரைகள் மிஞ்சிய மக்சென்சியுசின் மண்டபம், செனட் கூடிய கூரியா ஆகியவை முக்கியம். பேரரசர் அந்தோனினுஸ், அவர் மனைவி பௌஸ்தினா ஆகியோரின் பெயர் கொண்ட கோயிலைத் தவறவிடவே கூடாது. அதன் தூண்களுக்குப் பின்னால் ஒரு தேவாலயம் இருக்கிறது, அதன் கதவு தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில் அந்தரத்தில் நிற்கும். மண் மூடி ஒரு காலத்தில் தரை அங்கே இருந்தது. அகழ்ந்தெடுத்த ஆழத்தை இவ்வளவு நேரடியாகக் காட்டும் இடம் ரோமில் அதிகமில்லை.

வத்திக்கானில் வரிசைமுறைதான் எல்லாம். பெரும்பாலோர் அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டு நண்பகலில் பேராலயத்துக்கு வருகிறார்கள். மதில் ஓரமாகக் கால் மணி நேரம் நடந்து, வெயிலில் சதுக்கத்தில் மீண்டும் சோதனைக்கு நிற்க வேண்டியிருக்கும். அருங்காட்சியகச் சுற்றின் முடிவில் வரும் சிஸ்டைன் சிற்றாலயத்திலிருந்து பேராலயத்துக்கு நேராகப் போகும் குறுக்குவழி பொதுவாக வழிகாட்டியோடு வரும் குழுக்களுக்குத்தான், அதை நம்பித் திட்டமிட வேண்டாம். காலை 7 மணிக்குப் பேராலயம் திறந்ததும் போய்விடுங்கள். இறந்த இயேசுவை மரியாள் மடியில் தாங்கும் மிக்கேலாஞ்சலோவின் பியத்தா சிலை வலப்புறம் முதல் சிற்றாலயத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. 1972இல் ஒருவர் சுத்தியலால் தாக்கிய பிறகு வைத்த கண்ணாடி அது. அருங்காட்சியகத்துக்கு 9:30 அல்லது 10 மணி டிக்கெட் எடுத்தால் போதும்.

உள்ளே போனதும் கூட்டம் சிஸ்டைனை நோக்கி ஓடும். நீங்கள் பினாக்கோதேக்கா ஓவியக்கூடத்தை முதலில் பாருங்கள். ரஃபேலின் கடைசி ஓவியமும் கரவாஜ்ஜோவின் கிறிஸ்து அடக்கமும் அங்கே பெரும்பாலும் நெரிசலின்றிக் கிடைக்கும். பிறகு லாவோகூன் சிலை, வரைபடக் கூடம், ரஃபேலின் அறைகள் என்று போகலாம். வழியில் சிஸ்டைனுக்கு நேராகப் போகச் சொல்லும் பலகைகளைப் பின்பற்றினால் ரஃபேலின் அறைகள் விடுபட்டுவிடும். சிஸ்டைனில் படம் எடுக்கக் கூடாது. தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். சேலை, சுடிதார், வேட்டி எதுவானாலும் தடையில்லை, துப்பட்டாவோ சால்வையோ ஒன்று பையில் இருந்தால் போதும்.

மழை நாளில் வத்திக்கான், இதில் யோசிக்கவே வேண்டாம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போனாலும் அதுவே மேல். ஃபோரத்தின் கருங்கல் பாதை மேடும் பள்ளமுமாக இருக்கும், கால் பிசகும். ஆனால் பேராலயத்தின் குவிமாடத்துக்கு அவர்களை ஏற்ற வேண்டாம். மொத்தம் 551 படிகள். லிஃப்ட் பாதி வழிதான், மீதி 320 படிகள் குறுகலாகவும், கடைசியில் சுவரே சாய்ந்தும் இருக்கும். மற்றபடி முதல் தடவை போகிறவர்களுக்கு, மழையில்லாத நாளில், கொலோசியம் பக்கத்தையே சொல்வோம். ஒரு வாசல் தாமதமானாலும் அந்த நாள் குலைந்துபோகாது.

மாலை இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது. வத்திக்கானிலிருந்து தேவதைச் சிலைகள் நிற்கும் சந்தாஞ்செலோ பாலத்தைக் கடந்து நவோனா சதுக்கம் வழியாகப் பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனுக்கு வரலாம். ஃபோரத்திலிருந்து கம்பிதோலியோ குன்றைத் தாண்டினால் கால் மணி நேர நடை. பாந்தியனுக்கு 2023 ஜூலை முதல் கட்டணம் உண்டு. மாலை 7 மணிக்கு மூடும், அரை மணி நேரம் முன்பே நுழைவு நிற்கும், ஆகவே 6 மணிக்குள் வாசலில் இருங்கள்.