குருநகரில் படகுக்கான குழாய்ப் பொருட்கள்: ஒரு கடையைப் பற்றிய மதிப்பீடு

யாழ்ப்பாண நகரத்து ஹாட்வெயார்க் கடைகளில் குழாய்க்கும் வால்வுக்கும் பஞ்சமில்லை. ஆனால் அவை கிணற்றுக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் செய்யப்பட்டவை. படகின் அடியில் பொருத்த வேண்டிய வால்வையும் அதே தட்டிலிருந்து எடுத்துத் தரும் கடைக்காரரை முழுதாகக் குறை சொல்லவும் முடியாது. கேட்பவர் அங்குலக் கணக்கை மட்டும் சொல்லிவிட்டுப் பணத்தை நீட்டினால் அவர் வேறென்ன செய்வார்? குருநகர்ப் பக்கத்தில், கடற்கரை வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் இந்தக் கடை அந்த வழக்கத்துக்கு விலக்கானது. குறைகளையும் எழுதப் போவதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். வாசலில் தொங்கும் ஹோஸ் சுருள்களைக் கொண்டு இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

எங்கள் உறவினர் ஒருவரின் உள்ளிணைப்பு இயந்திரப் படகில் கடல்நீர்க் குளிர்விப்பு வழியை முழுவதும் மாற்ற வேண்டியிருந்தது. படகின் வெளி ஓட்டில் கடல்நீர் நுழையும் நீர்வாய், அதை அடைக்கும் வால்வு, வடிகட்டி, பம்பி, வெப்பமாற்றி, கடைசியில் புகையோடு சேர்ந்து நீர் வெளியேறும் வழி என்று பார்த்தால் அது நீளமான பாதையன்று. எனினும் அதில் எந்த ஓர் இணைப்பு விட்டாலும் இயந்திரம் சூடேறும், அல்லது படகுக்குள் தண்ணீர் ஏறும். பட்டியலை நீட்டியபோது கடை உரிமையாளர் அளவைப் பற்றிக் கேட்கவில்லை. "தம்பி, இது தண்ணிக்குக் கீழயோ, மேலயோ?" என்பதே அவருடைய முதற்கேள்வி. ஒவ்வொரு பொருளுக்கும் அதையே கேட்டு, பட்டியலை இரண்டாகப் பிரித்த பின்னரே அவர் எழுந்து தட்டுக்குப் போனார். முன்பு வெளிநாட்டுச் சரக்குக் கப்பல்களின் இயந்திர அறையில் வேலை பார்த்தவர் என்பது பிறகு தெரிய வந்தது.

அந்தப் பிரிப்பின் காரணத்தை விளக்குவதற்காக மேசையில் ஒரு பழைய பித்தளை வால்வை நெடுக்காக வெட்டி வைத்திருக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் அதில் பெரிய பழுதொன்றும் தெரியாது. வெட்டுமுகத்தில் மஞ்சள் நிறம் போய்ச் செம்பின் இளஞ்சிவப்பு படர்ந்திருக்கிறது, ஆணி முனையால் சுரண்டினால் பொடி உதிர்கிறது. சாதாரண வால்வுகளுக்குப் பயன்படும் பித்தளையில் ஏறத்தாழ 40 வீதம் நாகம் (துத்தநாகம்) இருக்கும். கடல்நீர் அந்த நாகத்தை மெல்ல மெல்லக் கரைத்தெடுத்துவிட, எஞ்சுவது வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்கும், நுண்துளைகள் நிறைந்த செம்பு. ஒரு நாள் யாரோ கைபிடியைச் சற்று அழுத்தித் திருப்பும்போது அது கையோடு வந்துவிடும். ஆகையால் நீர்மட்டத்துக்குக் கீழே 85 வீதம் செம்பும், வெள்ளீயம், ஈயம், நாகம் ஒவ்வொன்றும் 5 வீதமும் கொண்ட கன்மெட்டல் வெண்கலத்தையோ, நாகம் இழக்காத வகையில் தயாரிக்கப்பட்டு உடலில் சி.ஆர். என்ற எழுத்துகள் பொறிக்கப்பட்ட பித்தளையையோதான் அவர் தருகிறார். மலிவான பித்தளையைக் கேட்டு வற்புறுத்திய ஒருவரை, நான் நின்றிருந்தபோதே, "அது மேல்தட்டு கழுவுற பைப்புக்கு எண்டால் தாறன்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். வெண்கல வால்வின் விலை பித்தளையின் இரு மடங்கைத் தாண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாத் தொழிலாளராலும் அதை ஒரே தடவையில் வாங்கிவிட முடியாது. ஓட்டைத் துளைத்துச் செல்லும் வால்வை மட்டுமாவது வெண்கலத்தில் வாங்கி, மற்றவற்றைப் பின்னர் மாற்றிக்கொள்ளுமாறு அவர் சொல்லும் யோசனை நியாயமானது என்றே நினைக்கிறேன்.

வால்வு வகைகளில் கடையின் இருப்பு நன்று. நீர்வாயில், பலகையொன்று இறங்கி வழியை அடைக்கும் கேற் வால்வு வைப்பதை அவர் விரும்புவதில்லை: கைபிடியைப் பார்த்து அது திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று சொல்ல முடியாது, அதன் பலகை இறங்கும் பள்ளத்தில் ஒரு சிப்பி சிக்கினாலும் முழுதாக மூடாது. துளையிட்ட குண்டு திரும்பி அடைக்கும் போல் வால்வில் கைபிடி குழாயின் நீளத்தோடு கிடந்தால் திறப்பு, குறுக்கே நின்றால் அடைப்பு. கால் சுற்றில் வேலை முடிந்துவிடும். ஆனால் அதைப் பாதியில் நிறுத்தி நீரின் அளவைக் குறைத்துக் கூட்டுவது தவறு, அதற்குக் குளோப் வால்வு இருக்கிறது. குளோப் வால்வின் உடலில் உள்ள அம்புக்குறியைக் கவனித்து, உள்ளே வழியை அடைக்கும் தட்டின் கீழ்ப்பக்கமாக நீர் நுழையும்படி பொருத்தினால், மூடியிருக்கும் நேரத்தில் கைபிடித் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பில் அழுத்தம் நிற்காது.

நான் மிகவும் மெச்சியது, படகின் அடியில் தேங்கும் பில்ச் நீரை இறைக்கும் வழிக்கு அவர் எடுத்து வைத்த திருகித் தாழ்த்தும் ஒருவழி வால்வை. இதில் தண்டு தட்டோடு பிணைக்கப்பட்டிருக்காது. தண்டை மேலே திருகினால் தட்டு தானாக எழுவதில்லை; பம்பி உறிஞ்சும்போது மட்டும் எழுந்து, நின்றதும் விழுந்து மூடிக்கொள்கிறது. கடல்நீரையும் பில்ச் நீரையும் ஒரே பம்பியால் இறைக்கும் படகுகளில், யாரோ ஒரு வால்வை மூட மறந்தாலும் கடல் பின்வழியாகப் படகுக்குள் வராமல் தடுப்பது இந்தச் சிறு தட்டுத்தான். பெரிய கப்பல்களில் இது கட்டாயம். நமது படகுகளில் காண்பது அரிது. யாழ்ப்பாணத்தில் இதைத் தட்டில் வைத்திருக்கும் வேறு கடையை நான் கண்டதில்லை.

வடிகட்டிகளைப் பொறுத்தவரை நமது கடல் தனிச் சோதனை வைக்கிறது. யாழ்ப்பாணக் கடனீரேரியும் தீவுகளுக்கிடையிலான கடலும் ஆழமற்றவை. படகைத் தள்ளும் உந்தி கலக்கும் சேறும் சாதாளையும் நேரே நீர்வாய்க்குள் போகின்றன. ஆழ்கடலுக்குப் போகும் மயிலிட்டிப் படகொன்றுக்குப் போதுமான வடிகட்டி, குறிகட்டுவான் பக்கம் ஓடும் படகுக்குப் போதாமற் போகலாம். மேல்மூடி தெளிவான பிளாஸ்ரிக்கினால் ஆனதும், கூடையைக் கருவியின்றிக் கையால் எடுக்கக்கூடியதுமான வடிகட்டியை அவர் பரிந்துரைத்தார். அதைவிடச் சிறந்த தெரிவு எனக்குத் தெரியவில்லை. பில்ச் உறிஞ்சுகுழாயின் முனையில் மாட்டும் துளையிட்ட பெட்டிகள் மட்டும் உள்ளூரில் தட்டப்பட்டவை. துளை 10 மில்லிமீற்றருக்கு மேற்படாமலும், துளைகளின் மொத்தப் பரப்பு குழாயின் உட்குறுக்குவெட்டுப் பரப்பின் இரு மடங்குக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்பது கப்பல்களுக்குரிய விதி. இவற்றில் துளை சிறிதுதான், ஆனால் எண்ணிக்கை போதாது. வாங்கினால் வீட்டில் துளை போட்டுக்கொள்ளலாம்.

பம்பியின் றப்பர்ச் சக்கரங்கள் பல இயந்திரங்களுக்கு உண்டு. அவற்றுக்கு மசகாக இருப்பது ஓடும் நீரே என்பதால், நீர்வாய் அடைபட்ட நிலையில் ஓடினால் இதழ்கள் சில நிமிடங்களில் கருகி உடைந்துவிடும். உடைந்த துண்டுகள் வெப்பமாற்றியின் வாயில் போய்ச் செருகிக்கொள்ளும். புதுச் சக்கரம் போட்ட பிறகும் சூடு குறையவில்லை என்று வருபவர்களிடம் பழைய இதழ்கள் எல்லாம் எண்ணிக்கைப்படி கிடைத்தனவா என்று அவர் கேட்பதை நானே கண்டேன்.

குழாய் முனைகளின் திருகுப் புரிகளில் அவருடைய கவனம் எனக்கு ஒரு தலைவலியை மிச்சப்படுத்தியது. யப்பானிய இயந்திரங்களின் கூம்புப் புரியும் பிரித்தானியப் புரியும் 55 பாகைக் கோணம் கொண்டவை. அமெரிக்கப் புரிக்கு அது 60 பாகை. அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இவையிரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 புரிகள் என்பதால், ஒன்றினுள் மற்றொன்று ஒழுங்காக ஏறுவது போலவே தோன்றும். கசிவை அடைக்கும் ரேப்பை (நாடாவை) எவ்வளவு சுற்றினாலும் பின்னர் கசியும். அவர் புரிமானியை வைத்துப் பார்த்து, கலந்து கிடந்த ஒரு முழங்கை வளைவுத் துண்டை ஒதுக்கிவிட்டார். ஓர் அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 33 மில்லிமீற்றருக்கு மேல் வரும் என்பதைக்கூட அறியாமல் அளவுகோலோடு வருபவர்களுக்கு அவர் பொறுமையாக விளக்குகிறார்.

இனிக் குறைகள். ஹோஸ் பிரிவு கடையின் மற்றப் பகுதிகளோடு ஒப்பிட முடியாத அளவுக்குப் பலவீனமானது. கடல்நீர் உறிஞ்சும் பக்கத்துக்குக் கம்பிச் சுருள் பதித்த ஹோஸ் வேண்டும், இல்லாவிட்டால் உறிஞ்சும் விசையில் அது தட்டையாகிவிடும். அந்த வகை ஓரிரு அளவுகளிலேயே இருந்தது. எரிபொருள் ஹோஸின் நிலை அதைவிட மோசம். நெருப்பில் இரண்டரை நிமிடம் தாங்க வேண்டும் என்ற ஐ.எஸ்.ஓ. 7840 தரக் குறி எந்தச் சுருளிலும் இல்லை. உரிமையாளர் கடையில் இல்லாத வேளையில் உதவியாளர் தோட்டத்துக்கான ஒளிபுகும் குழாயையே "டீசலுக்கும் போகும்" என்று எடுத்துத் தந்தார். அதை நான் வாங்கவில்லை, நீங்களும் வாங்க வேண்டாம்.

ஹோஸ் கிளிப்புகளும் கவனிக்கப்பட வேண்டியவை. பட்டை துருப்பிடிக்காத கறையில் உருக்காக இருந்தும் திருகு சாதாரண உருக்காக இருக்கும் கிளிப்புகள் நல்லவற்றோடு ஒரே பெட்டியில் கிடக்கின்றன. ஒரு சிறு காந்தத்தைக் கொண்டு போங்கள்; திருகில் இறுக ஒட்டினால் ஒதுக்கிவிடுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கிளிப் வேண்டும் என்று உரிமையாளரே சொல்கிறார், பின் இந்தக் கலப்பை ஏன் சகிக்கிறார் என்பது விளங்கவில்லை.

பொருத்திக் கொடுக்கும் வேலையை அவர்கள் செய்வதில்லை. குழாய்களை இணைக்கும் பிளாஞ்சுகளுக்கு இடையில் வைக்கும் கஸ்கற் வெட்டித் தருவார்கள், அது துப்புரவாக இருக்கிறது. பற்றுச்சீட்டில் பொருளின் உலோகத்தையும் எழுதித் தரும்படி கேட்டால் மறுப்பதில்லை. புரியில் ரேப் பட்ட பொருளைத் திரும்ப எடுக்கமாட்டார்கள், ஆகவே கழற்றிய பழைய துண்டைக் கையோடு கொண்டு போய் மேசையிலேயே பொருத்திப் பார்த்துவிட்டு வாங்குங்கள். உரிமையாளர் பெரும்பாலும் காலையில்தான் இருப்பார்.